அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும்

(நமது அறக்கட்டளையின் இலவச மருத்துவ முகாமையொட்டி, அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில், அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





இன்று காலையிலிருந்து மருந்து கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பலரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்திருக்காரு. காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கு. அதுக்கும் சேர்த்து மாத்திரை போடலாமா? ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்குமா?"

ஒரே வரியில் பதில் சொல்வதானால், பாராசிட்டமால் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்கோடு போடலாம். ஆனால் அந்த ஒரு வரியோடு உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் என் உம்மா.

என் வீட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் உம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக்கும், காலை, இரவு என இரண்டு வேளைக்கு ஒரு வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதில் ஒரு குறையும் இல்லை.

அன்று இரவு காய்ச்சல் அடித்தது. வீட்டில் எப்போதும் இருக்கும் 650 மாத்திரையை என் லாத்தா எடுத்துக் கொடுத்தார். உடம்பு வலிக்கிறது என்று உம்மா சொன்னதும் அதையே நான்கு வேளையாக்கினார். மறுநாள் மூக்கு ஒழுகியது. தம்பி மருந்துக் கடையில் சொல்லிச் சளி மாத்திரை வாங்கி வந்தான். அது மூன்று வேளை. எல்லாம் பாசத்தில் செய்ததுதான்.

மூன்றாம் நாள் உம்மாவுக்குக் குமட்டல். கஞ்சி கொடுத்தாலும் வாந்தி. வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: "அந்தப் பெரிய மாத்திரை ஒத்துக்கல, அது சூடு." ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டார்கள். மற்ற மூன்றையும் நிறுத்தவில்லை!

நான் அப்போது வெளியூரில் பணியில் இருந்தேன். ஐந்தாம் நாள் மாலை வீட்டுக்கு வந்து, உம்மாவின் தலைமாட்டில் இருந்த நான்கு அட்டைகளையும் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் நான்கு வெவ்வேறு பெயர்கள். பின்பக்கத்துச் சின்ன எழுத்தில், ஆன்டிபயாட்டிக் தவிர்த்த மூன்றிலும் ஒரே பெயர்: பாராசிட்டமால்.

கணக்குப் போட்டேன். வலி மாத்திரையில் 325 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு 650. காய்ச்சல் மாத்திரை 650, நான்கு வேளைக்கு 2600. சளி மாத்திரையில் 500, மூன்று வேளைக்கு 1500. மொத்தம் ஒரு நாளைக்கு 4750 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4000. என் உம்மாவின் எடை 42 கிலோ. அதிலும் சரியாகச் சாப்பிடாத நாட்கள்.

அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஒரு வாரம் படுக்கையில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், நலமாகத் திரும்பினார்கள். ஆனால் ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் விட்டதால் கன்னத்து வீக்கம் மறுபடி வந்தது. அதற்குத் தனியாகச் சிகிச்சை செய்து, பல்லையும் எடுக்க வேண்டியதாயிற்று.

முப்பது ஆண்டு மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். என் வீட்டிலேயே இது நடந்தது. பழி ஆன்டிபயாட்டிக் மேல் விழுந்தது. கெடுதல் செய்தது கணக்கில்லாமல் போட்ட வலி மாத்திரை. அதனால்தான் எங்கே போனாலும் இதைச் சொல்கிறேன்: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டுக்கும் இரண்டு வேலை

தொட்டிலில் பிள்ளை வீறிட்டு அழுகிறது. உள்ளே எறும்பு கடிக்கிறது. தொட்டிலை ஆட்டினால் அழுகை சற்று அடங்கும். எறும்பை எடுத்தால்தான் கடி நிற்கும். வலி மாத்திரை தொட்டிலை ஆட்டுகிற கை. ஆன்டிபயாட்டிக் எறும்பை எடுக்கிற கை. இரண்டும் தேவைப்படலாம். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

இது புரியாததால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. முதல் தவறு, பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கியதும் நோய் போய்விட்டதென்று ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது. இறங்கியது காய்ச்சல்தான், கிருமி உள்ளேயே இருக்கலாம். பென்சிலினை 1928-ல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் மருந்தைப் போட்டால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். எத்தனை நாள் என்று டாக்டர் எழுதினாரோ அத்தனை நாள் போடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

இரண்டாவது தவறு, ஆன்டிபயாட்டிக் போட்ட அன்றே காய்ச்சல் விடவில்லை என்று பதறி, வலி மாத்திரையை அடுக்கிக்கொண்டே போவது. ஆன்டிபயாட்டிக் வேலை செய்வது தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். மூன்று நாளாகியும் குறையவில்லை என்றாலோ, அதற்கு முன்பே நோய் முற்றுவதுபோல் தெரிந்தாலோ, டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். கூடுதல் மாத்திரை அதற்குப் பதில் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு இவை வைரஸால் வருபவை. வைரஸ் மேல் ஆன்டிபயாட்டிக்கின் வேலை செல்லாது. போன முறை மிச்சமான நான்கு மாத்திரை டப்பாவில் இருக்கிறதே என்று எடுத்துப் போடாதீர்கள். அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்று பொருள்.

பாராசிட்டமால்: நல்ல மருந்து, கணக்கு முக்கியம்

அமாக்சிசிலின், அசித்ரோமைசின், செஃபிக்சிம், மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின் என்று நம் ஊரில் அதிகம் எழுதப்படும் ஆன்டிபயாட்டிக் எதுவானாலும் பாராசிட்டமாலைச் சேர்த்துப் போடலாம். ஒரே நேரத்தில் போட்டாலும் தவறில்லை. "அரைமணி நேரம் விட்டுத்தான் போடணும்" என்ற கட்டாயமும் இல்லை.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் போதும். இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு 4000-ஐத் தாண்டவே கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், பல நாளாகச் சாப்பிடாமல் மெலிந்தவர்கள் ஆகியோருக்கு வரம்பு இன்னும் குறைவு. அவர்கள் எவ்வளவு போடலாம் என்று டாக்டரிடம் கேட்டே போட வேண்டும்.

நினைவில் வையுங்கள். டோலோ, கால்பால், குரோசின் எல்லாம் ஒரே பாராசிட்டமால்தான். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலும் இருக்கிறது, இபுபுரோஃபென்னும் இருக்கிறது. சினாரெஸ்ட் போன்ற பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் உண்டு. பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. உள்ளே போவது ஒன்றே.

அளவு மீறியதில் பெரிய ஆபத்து, முதல் நாளில் ஒன்றும் தெரியாமல் போவது. வெறும் குமட்டலோடு நிற்கலாம். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான் தெரியும். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும், மஞ்சள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும். அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்ற வலி மாத்திரைகளில் எச்சரிக்கை

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சன் இவை வேறு வகை. வீக்கத்தையும் வலியையும் நன்றாகக் குறைக்கும். அமாக்சிசிலின் போன்றவற்றோடு டாக்டர் சேர்த்தே எழுதுவார், அதில் தவறில்லை. ஆனால் இவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். இவற்றில் இரண்டை ஒரே நாளில் சேர்க்கக் கூடாது.

குடல்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் இவற்றைப் போடவே கூடாது. இதயத்துக்காகத் தினமும் சின்ன ஆஸ்பிரின் போடுபவர்கள் அதை நிறுத்த வேண்டாம். ஆனால் இபுபுரோஃபென் சேர்க்கும் முன் கேளுங்கள். சில பிரஷர் மாத்திரைகளும், சிறுநீர் பிரிவதற்கான மாத்திரைகளும் இவற்றோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். ஆன்டிபயாட்டிக்கால் வயிற்றுப்போக்கும் வந்து, தண்ணீரும் குடிக்காமல், மேலே வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகம் தாங்காது. அப்போது முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல்தான்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம். டெங்கு இல்லை என்று தெளிவாகும்வரை இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். ரத்தக் கசிவு கூடும். பாராசிட்டமால் மட்டும் போதும்.

இந்த ஆன்டிபயாட்டிக் என்றால் கேட்டுப் போடுங்கள்

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின்: இவற்றோடு இபுபுரோஃபென் வகையைச் சேர்த்தால், குறிப்பாக வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு, வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். இவை குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணையும் பாதிக்கக்கூடும். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். இந்த மாத்திரை போடும் நாளில் குதிகால் வலித்தால் வலி மாத்திரையால் மறைக்காதீர்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்ஸிசைக்ளின்: தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இபுபுரோஃபென் வகையும் அங்கே எரிச்சல் தரும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருங்கள்.

ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள்: இவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. இந்த ஊசி போடும் நாட்களில் வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைத் தனியாகப் போடாதீர்கள்.

டிபி மருந்து: குறைந்தது ஆறு மாதம் போடும் மருந்து. கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். தினமும் பாராசிட்டமால் தேவைப்படுகிறது என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசினோகூமரால் போடுபவர்கள்: பல ஆன்டிபயாட்டிக்குகள் இவற்றின் வேகத்தைக் கூட்டும். இபுபுரோஃபென் வகை சேர்ந்தால் ரத்தப்போக்கு வரும். பாராசிட்டமாலையே பல நாள் தொடர்ந்தால்கூட ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

பிள்ளைகள் விஷயம்

பிள்ளைக்கு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது பாராசிட்டமாலின் ஒரு வேளைக் கணக்கு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தே கொடுக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

சிரப்பில் 5 மில்லியில் 120 இருக்கும், 125 இருக்கும், 250-ம் இருக்கும். சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 இருக்கும். சிரப்பை ஊற்றும் மூடியால் சொட்டு மருந்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். பாட்டிலோடு வரும் மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்சு கொண்டு அளந்து கொடுங்கள். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கூடாதென்று இந்திய அரசு 2011-லேயே தடை செய்துவிட்டது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

நோன்பு மாதத்தில்

மூன்று வேளை எழுதிய ஆன்டிபயாட்டிக்கை நோன்பு திறந்ததும் ஒன்று, தராவீஹ் முடிந்து ஒன்று, சஹரில் ஒன்று என்று நாமாகவே மாற்றிப் போடுகிறோம். எட்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டிய மருந்து இப்படிப் போட்டால், பகல் முழுதும் உடம்பில் மருந்து போதாமல் கிடக்கும். ஒரு வேளை அல்லது இரண்டு வேளை மட்டும் போடும் வேறு மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல நேரங்களில் கிடைக்கும். அப்படி இல்லையென்றால், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரையை நோன்பு திறந்ததும் வெறும் வயிற்றில் விழுங்காதீர்கள். கஞ்சி குடித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு போடுங்கள். சஹரில் மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே சாய்ந்து படுப்பதும் நம்மிடம் உள்ள பழக்கம். டாக்ஸிசைக்ளின் பற்றிச் சொன்னதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

ஒரு சகோதரி: மருந்துக் கடையில் மூன்று வேளைக்கு மாத்திரை குடுங்கன்னு கேட்டால் அட்டையை வெட்டி, கலந்து, காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே?

பதில்: அதுதான் எனக்கும் பெரிய கவலை. வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. எதைத் திருப்பிப் பார்ப்பீர்கள்? பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். முழு அட்டை வாங்க வசதியில்லை என்றால், பெயர் உள்ள பகுதியோடு வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது பெயரையும் அளவையும் கவரில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒரு பெரியவர்: இரண்டு மருந்தும் ஒன்றாக ஆரம்பித்து உடம்பெல்லாம் தடித்துவிட்டால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படித் தெரியும்?

பதில்: நாமாக முடிவு செய்யக் கூடாது. எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தடிப்பு வந்தால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஓர் இளைஞர்: கேப்ஸ்யூலின் உறை ஜெலட்டின் என்பதால் வாப்பா போட மறுக்கிறார். பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் கொடுக்கலாமா?

பதில்: நீங்களாகப் பிரிக்காதீர்கள், சில மருந்துகளுக்கு அந்த உறை தேவை. பல ஆன்டிபயாட்டிக்குகள் மாத்திரையாகவும் சிரப்பாகவும் வருகின்றன. மருந்து எழுதும்போதே டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். மார்க்கத் தீர்ப்பை ஆலிமிடம் கேளுங்கள். யாரிடமும் கேட்காமல் பாதியில் நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

இன்று இரவு ஒரு வேலை

சகோதரிகளே, வீட்டுக்குப் போனதும் மருந்து டப்பாவைத் தரையில் கவிழ்த்துங்கள். ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமால் என்று இருப்பதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே பேனாவால் ஒரு "பா" போடுங்கள். ஒரே வேளையில் இரண்டு "பா" சேரக் கூடாது. அடுத்த "பா"வுக்கு நான்கு மணி நேரமாவது ஆக வேண்டும். இதுதான் கணக்கு. சின்ன எழுத்து தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தனியே எடுத்து வையுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வீட்டில் போட்டுக்கொண்டிருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வேற எதுவும் சாப்பிடலை" என்று சொல்வதைவிட அது நூறு மடங்கு பயன்படும். நான் இன்று சொன்னது பொதுவான விவரம். உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்.

என் உம்மா இன்றும் மாத்திரை கொடுத்தால் உடனே வாங்கமாட்டார்கள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி வாப்பா" என்பார்கள். வாசித்துக் காட்டிய பிறகுதான் கை நீட்டுவார்கள். உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி கேட்கப்படட்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.